நம்பிக்கைகளும் உண்மைகளும்: பழைய ஜீப்புக்கு ஆயில் பில்டர் வேண்டுமா?

ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, விடியுமுன்னரே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறுகிற ஜீப்புகளின் சீமையிலே, பழைய வில்லிஸ் வண்டியைப் பூர்வீகச் சொத்தைப்போலப் பேணி வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கிற அபிப்பிராயம் ஒன்று உண்டு: அந்த எஞ்சினுக்கு ஆயில் பில்டர் வெறும் அலங்காரம், கழற்றிவிட்டுக் குழாயின் வாயை அடைத்தால் ஆயில் பிரஷர் ஏறும், வண்டியும் முன்னைவிடச் சுகமாக ஓடும்.

இதை அறியாமை என்று ஒரேயடியாகத் தள்ளுவதற்கில்லை. பிரஷர் முள் ஏறியதைப் பிரத்யட்சமாகக் கண்டவரே அப்படிச் சொல்லுகிறார். இரண்டாம் உலக யுத்தத்துக்கென்று பிறந்து, 1940-களின் இறுதியில் மகீந்திரா நிறுவனத்தாரால் இந்நாட்டில் பூட்டப்படலான அந்த ஜீப்பின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில், பம்ப் தள்ளுகிற எண்ணெய் முழுவதும் பில்டரைக் கடந்து செல்வதில்லை. பெரும்பகுதி நேரே பேரிங்குகளுக்குப் போய்விட, ஒரு சிறு கிளை மட்டும் பிரிந்து, நுண்ணிய துளையொன்றினால் அளவுபடுத்தப்பட்டு, பில்டர் டப்பாவுக்குள் நிதானமாக வடிந்து, மீண்டும் சம்ப்புக்கே திரும்பிவிடுகிறது. அக்கிளையை அடைத்தவுடன் அங்கே செலவான எண்ணெயும் பேரிங் பக்கம் சேருவதால் முள் சிறிது ஏறுவது நியாயமே. ஆனால் பிரஷர் காட்டும் முள் எண்ணெயின் சுத்தத்தைக் காட்டுவதில்லை. பம்பின் வாயில் மிதக்கிற கம்பிவலை கண்ணுக்குத் தெரியும் பிசிறுகளைத் தடுக்குமே ஒழிய, தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்கும் இல்லாத மண்துகளைத் தடுக்காது. பேரிங்கை அரைப்பதோ பெரும்பாலும் அத்துகள்தான். எண்ணெய் திரும்பத் திரும்ப அந்தச் சிறு கிளைக்குள் வந்துபோகையில் அவை டப்பாவிலே தங்கிவிடுகின்றன. பில்டரைக் கழற்றிய மறுநாளே எஞ்சின் நின்றுவிடாததற்குக் காரணம், தேய்மானம் ஆண்டுக் கணக்கில் நடக்கிற காரியமாயிருப்பதே.

பில்டரே இல்லாமல் பிறந்த எஞ்சின்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. ஃபோர்டு டி மாடலுக்குப் பில்டர் கிடையாது. ப்யூரொலேட்டர் என்ற வடிகட்டியை ஸ்வீட்லாண்டு என்பவர் அமைத்ததே 1923-ஐ ஒட்டித்தான். வோக்ஸ்வாகன் பீட்டிலோ வெறும் கம்பிவலையோடு பல பத்தாண்டுகள் ஓடிற்று. ஆனால் அதைச் செய்தவர்கள் 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெயை வடித்து வலையையும் கழுவச் சொன்னார்கள் என்பதை நம்மவர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ராஜ்தூத் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை உதாரணம் காட்டுவது வீண்வாதம். அவற்றில் எஞ்சின் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்தே போகிறது, வடிகட்ட மிச்சம் ஏது?

உண்மையில், பில்டரைப் பற்றி இவ்வளவு தர்க்கிக்கிறவர்கள், மண் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று பார்ப்பதில்லை. ஆனி ஆடி மாதங்களில் மேற்கு மலை இடுக்கு வழியே இறங்கி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகிற காற்று, புழுதியையும் வாரிக்கொண்டுதான் பள்ளத்தாக்கில் வீசுகிறது. எஞ்சின் சுவாசிப்பதும் அதையே. வில்லிஸ் ஜீப்பின் ஏர் கிளீனர் அடியில் எண்ணெய்த் தொட்டி உடையது. உள்ளே பாயும் காற்று அத்தொட்டியில் மோதித் திரும்புகையில் மண் அங்கேயே படிந்துபோகும். அத்தொட்டி வற்றிக் கிடந்தாலோ, சேறாகி நிறைந்திருந்தாலோ, கிளீனருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, உயர்ந்த ரகத்து ஆயில் பில்டரும் அந்த எஞ்சினைக் காப்பாற்றாது: மண் முதலில் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிட்டு, அதன் பிறகல்லவா எண்ணெயில் கலக்கிறது! செலவுக்குக் கை சுருங்குகிறவர் முதலில் கவனிக்கத் தக்கது இந்தத் தொட்டியையே.

எண்ணெய் கறுத்துவிட்டால் பில்டர் செத்துவிட்டது என்பதும் தவறான அனுமானம். இக்காலத்து எண்ணெய்களில் சேர்ந்துள்ள சோதக மருந்துகள் கரியை அடியில் படியவிடாமல் மிதக்க வைத்திருக்கின்றன. அது பில்டருக்குள் அகப்படாத அளவு சூட்சுமமானது. டீசல் எஞ்சினில் புது எண்ணெய் சீக்கிரமே கறுப்பது சகஜம்.

டீசல் என்றவுடன் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, பின்னாளைய பெழோ வகை டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்ட வண்டிகளில் எண்ணெய் முழுவதும் பில்டர் வழியாகவே பேரிங்குக்குச் செல்லுகிறது. அங்கே வில்லிஸ் சாஸ்திரம் செல்லாது. அடைத்துப்போன பில்டரை மாற்றாமல் விட்டால் உள்ளிருக்கும் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே அனுப்பிவிடும். முள்ளைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது அரிது.

வில்லிஸ் வண்டியில் நெடுநாள் கழற்றி வைத்திருந்த பில்டரை மீண்டும் இணைக்க விரும்புகிறவர் அளவுத் துளையுள்ள முனையைத் தவறாமல் பூட்ட வேண்டும். அதை விட்டு வெறும் குழாயை மாட்டினால் எண்ணெய் அவ்வழியே வீணாக ஓடி, மெதுவாக ஓடுகையில் பிரஷர் விழுந்துவிடும். சம்ப்பைக் கழற்றி அடியில் உறைந்த சேற்றை வழித்தெடுத்த பின்னரே புது எண்ணெய் ஊற்றுவது உத்தமம். அப்படிச் செய்தாலும், பழைய கசடு இளகி வருமாகையால், அந்த முதல் எண்ணெயையும் பில்டரையும் சில நூறு கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும்.