மிளகாய் விதைக்கு வேண்டிய சூடு

மிளகாய் விதை நன்கு முளைக்க, அது கிடக்கும் ஊடகம், அதாவது விதையைச் சூழ்ந்துள்ள மண்ணோ மக்கிய தென்னைநார்க் கழிவோ, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கொண்டிருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே முளைப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது, 35 டிகிரியைத் தாண்டினால் மீண்டும் குறையத் தொடங்குகிறது. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் நாற்று வளர்ப்போர் இதற்காகவே மின்சூட்டு விரிப்புகளை வாங்குகின்றனர். புதுச்சேரியின் மேற்குப் பகுதியிலுள்ள காட்டேரிக்குப்பத்தில் சூட்டை உண்டாக்குவதைவிட, இருக்கும் சூட்டைக் காப்பதும் சித்திரையில் அதைத் தணிப்பதுமே பெரிய வேலை.

தமிழகத்திலும் புதுவையிலும் மிளகாய் நாற்று விடும் பட்டங்களுள் தை, மாசியை ஒட்டிய ஜனவரி–பிப்ரவரிப் பட்டமே குளிர்ந்தது. அப்போது இரவில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கிப் பகலில் 29 டிகிரியை நெருங்கும். விதையின் முளைப்புத்திறனை அளக்கும் ஆய்வகங்களுக்குப் பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கம் மிளகாய்க்கென வகுத்துள்ள முறைகளுள் ஒன்றும் 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே நாள்தோறும் மாறிவரும் வெப்பம்தான் என்பதையும், இறுதிக் கணக்கெடுப்பு 14ஆம் நாளில்தான் நடக்கிறது என்பதையும் நோக்கினால், தைமாத நாற்றங்காலுக்குச் செயற்கைச் சூடு இன்றியமையாததன்று என்பது விளங்கும். ஏழாம் நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று ஊடகத்தைக் கிளறிப் பார்ப்பதால் கெடும் விதைகள் பல.

அப்படியானால் தையில் முளைப்பு ஏன் பின்தங்குகிறது? ஈரமான ஊடகத்திலிருந்து நீர் ஆவியாகும்போது அது ஊடகத்தின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால், சுற்றியுள்ள காற்றைவிட விதைப் படுகை சில டிகிரி குளிர்ந்தே இருக்கிறது. ஆகவே அறையின் வெப்பத்தைப் பார்த்து நிறைவடைவது போதாது. விதை கிடக்கும் ஆழத்தில், அரை அங்குலத்துக்குள், அளந்து பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டாதாகையால் இதற்குப் பயன்படாது. மீன்தொட்டிக்கு விற்கும் மலிவான வெப்பமானி போதும். 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளை விதைத்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடிவைக்கும் நாற்றுப்பண்ணை வழக்கத்தின் பயன் இங்குதான் உள்ளது: ஆவியாதல் தடைபடுவதால் ஈரமும் சூடும் ஒருங்கே நிற்கின்றன. மண்சட்டியின் பக்கங்கள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் அது தையில் ஏற்றதன்று. அதே குணத்தால் சித்திரையில் மிகவும் ஏற்றது.

நெல் விதையை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைகட்டும் ஊர்களில், மிளகாய் விதையையும் ஈரத்துணியில் முடிந்துவைத்தால் அவ்வாறே சூடேறும் என்று எதிர்பார்க்கின்றனர். சாக்கு நெல்லின் சூடு, குவிந்து கிடக்கும் விதைகள் எல்லாம் சுவாசிப்பதால் பிறப்பது. ஒரு பிடிக்கும் குறைவான மிளகாய் விதைக்கு அந்த வலிமை இல்லை. எனவே முடிச்சை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் வெப்பம் வெளிவரும் இடத்தை ஒட்டிய பலகை நல்ல இடம்; எரிந்து அணையும் விறகடுப்பின் மேடையோ ஒரு வேளை மிகச் சூடாகவும் மறுவேளை குளிர்ந்தும் போவதால் நம்பத்தக்கதன்று.

கோடையில் நிலைமை தலைகீழாகிறது. சித்திரை வெயிலில் கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழோ, தாள் மூடியபடி நேர் வெயிலிலோ வைத்த தட்டு விதை தாங்கும் எல்லையை விரைவில் கடந்துவிடும்; வேம்பு, புங்கன் நிழலோ கீற்றுக் கொட்டகையோதான் பொருந்தும். அப்போது நீரை மிகுதியாக ஊற்றிச் சூட்டைத் தணிக்க முயல்வதும் தவறு. வெப்பம் ஏறும்போது விதை வேகமாகச் சுவாசிக்க, வெதுவெதுப்பான நீரில் கரைந்துள்ள உயிர்வளியோ குறைவதால், நீர் தேங்கிய குழியில் விதை மூச்சின்றி அழுகுகிறது.

நாகாலாந்தின் நாக மிளகாய் போன்ற கடுங்கார வகைகளுக்கு மட்டும் வேறு முறை தேவை. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வகையின் விதை முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம்; 28 டிகிரியை ஒட்டிய நிலையான சூடு இதற்குப் பெரிதும் உதவும். மூடியில் துளையிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு சிறிய குண்டு பல்பை விதைத்தட்டின் மேல் படாதவாறு எரியவிட்டு, வெப்பம் மிகும்போது தானே அணைக்கும் கருவியை இணைப்பது எளிய வழி. நீண்ட நாள் ஈரத்தில் கிடப்பதால் பூசணம் தாக்கக்கூடும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மைதரும் பூசணத்தைக் கலந்து விதைப்பது நல்லது.

முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை நீக்க வேண்டும். வெளிச்சமின்றிச் சூட்டில் மட்டும் நிற்கும் நாற்று வெளிறி நீண்டுவிடும். ஈரமும் மிகுந்திருந்தால் அடித்தண்டு சுருங்கிச் சாயும் நாற்றழுகல் நோயும் வரும். நோய் தென்பட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுவர். மூடியை நீக்கியபின் தட்டைக் காலை வெயில் மட்டும் படும் திண்ணையில் வைத்து, மேல்மண் சற்றே உலர்ந்த பிறகு நீர் தெளித்துவந்தால், குழித்தட்டு நாற்று ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வயலுக்குப் போகத் தயாராகும்.