கீழே ஓர் அறை... வெளியே ஒரு வழி!

அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா ராத்திரியில் இரண்டு தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். இனி மாடிப்படி ஏறி இறங்குவது கஷ்டம். 'சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் ஒரு பெட்ரூம் இழுத்துடலாமே' என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நல்ல யோசனைதான். மேஸ்திரி வருகிறார், டேப்பை நீட்டி அளக்கிறார், டைல்ஸ் நிறம் வரைக்கும் விவாதம் நடக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் பலரும் கேட்பதில்லை. நடுராத்திரியில் சமையலறையில் தீப்பிடித்தால், அந்த அறையில் படுத்திருப்பவர் எப்படி வெளியே வருவார்?

பொதுவாக, சாதாரணத் தனி வீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படுவதில்லை. அதனால் இந்தக் கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும். அதுவும் பிளான் காகிதத்தில் இருக்கும்போதே!

அறைக்குள் ஓர் அறை

புது அறைக்குச் சமையலறை வழியாக மட்டும்தான் போக முடியும் என்றால் அது 'உள்ளறை'. அதாவது, இன்னோர் அறையைக் கடக்காமல் அதிலிருந்து வெளியேற முடியாது. வீட்டில் அடுப்பு எரிகிற இடமே வெளியேறும் வழியாகவும் இருப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

'தீ பரவ நேரமாகுமே, அதற்குள் ஓடி வந்துவிட மாட்டோமா?' என்கிறீர்களா? தீ வருவதற்கு முன்னால் புகை வந்துவிடும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமோ, வாசனையோ கிடையாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், கால் துவளும், எழ முடியாமலே மயக்கம் வரும். தூங்குபவரைப் புகை நாற்றம் எழுப்பிவிடும் என்றும் நம்ப முடியாது. இதயக்கோளாறு, ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம்.

மூன்று வழிகள்

முதல் வழிதான் சிறந்தது. புது அறையிலிருந்து நேராக வெளியே திறக்கும் கதவு ஒன்று வையுங்கள். வாக்கர், சக்கர நாற்காலி போக 900 மில்லிமீட்டர், அதாவது 3 அடி இடைவெளி கிடைக்க வேண்டும். உயரமான வாசற்படி வேண்டாம். வெளியே இறக்கம் இருந்தால் சரிவுப்பாதை அமைக்கலாம். ஓரடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளச் சரிவு.

இரண்டாவது, அறையைச் சமையலறையிலிருந்து திறக்காமல், வாசலுக்குப் போகும் நடை அல்லது ஹாலிலிருந்து திறப்பது.

இந்த இரண்டுக்குமே இடமில்லாதபோதுதான் மூன்றாவது: ஆள் இறங்கக்கூடிய ஜன்னல். பிரிட்டனில் கீழ்த்தள உள்ளறைக்கு இதற்கென்றே அளவு வைத்திருக்கிறார்கள். திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர் (சுமார் மூன்றரை சதுர அடி). அகலம், உயரம் எதுவும் 450 மில்லிமீட்டருக்குக் (ஒன்றரை அடி) குறையக் கூடாது. திறப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டருக்கு (சுமார் மூன்றரை அடி) மேல் போகக் கூடாது. நாமும் இதைப் பின்பற்றலாம், தப்பில்லை. ஆனால் முட்டி மடக்க முடியாதவருக்கு ஜன்னல் வழியாகாது. அவருக்குக் கதவுதான்.

நம் ஊர் ஜன்னலுக்கு இன்னொரு சிக்கல், கிரில். திருடனைத் தடுக்கிற கம்பி, உள்ளே இருப்பவரையும் சேர்த்தே தடுக்கிறது. அறைக்கு ஒரு ஜன்னலிலாவது, கதவு போலத் திறக்கும் கிரில் போடச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம், சாவியில்லாமல் திறக்கிற மாதிரி இருக்கட்டும். வெளியிலிருந்து கை எட்டாதபடி இடம் பார்த்து வையுங்கள். பூட்டுப் போட்டுச் சாவியை பீரோவில் வைத்தால் எல்லாம் வீண்!

அளவும் அனுமதியும்

இருக்கிற வீட்டில் ஓர் அறை சேர்ப்பதற்கும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பு, வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் (சுமார் 102 சதுர அடி), 2.4 மீட்டர் அகலமும் சொல்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களுக்கு, ஜன்னல் போன்ற திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. ஆறில் ஒன்று, 20 சதுர அடி. நாலடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் இரண்டு ஜன்னல்கள் போதும்.

பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தை அறைக்காக விழுங்கிவிடாதீர்கள். விதிமீறல் ஒருபுறம் இருக்கட்டும், பின்பக்கத்திலிருந்து தெருவுக்கு வர அதுதானே வழி? மதில் சூழ்ந்த கொல்லையில் போய் நிற்பது தப்பித்ததாகாது. அந்தச் சந்தில் ஸ்கூட்டர், பழைய சாமான், காலி சிலிண்டர் எதுவும் வேண்டாம். மின்சார ஸ்கூட்டரை அங்கே சார்ஜ் போடவும் கூடாது.

கட்டும்போதே கவனிக்க

* புது அறைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். ஏ.சி.க்குத் தனி எம்.சி.பி. அவசியம். மின்கசிவு வந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர் கூடாது.

* சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைப் புது அறையின் ஜன்னலுக்குக் கீழேயோ, பள்ளத்திலோ வைக்காதீர்கள்.

* ஷீட் கூரைக்கு அடியில் தெர்மாகோல் சீலிங் அழகாகத்தான் இருக்கும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். வேண்டாமே!

* புகை எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையிலும் வெளி நடையிலும் கூரையில் பொருத்துங்கள். சமையலறையில் தாளிக்கிற புகைக்கே அலறும் என்பதால், அங்கே வெப்பத்தை உணரும் கருவி. மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள்.

* கொசுவத்தி, விளக்கு இரண்டும் படுக்கை, திரைச்சீலைக்கு எட்டாமல் இருக்கட்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் அறையில் ஊதுவத்திகூடக் கூடாது.

தீ வந்துவிட்டால்...

புகை மேலே போகும். அதனால் குனிந்தோ, தவழ்ந்தோ வெளியேறுங்கள். வரும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் புகை பரவுவது தாமதமாகும். நகை, பத்திரம் எடுக்க உள்ளே திரும்பாதீர்கள். வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவாதீர்கள். புகையைச் சுவாசித்தவர் 'எனக்கு ஒண்ணுமில்லே' என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அறை கட்டி முடிந்ததும் ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, பெரியவரைத் தம் படுக்கையிலிருந்து தெரு வரைக்கும் நடந்து வரச் சொல்லுங்கள். துணைக்கு நீங்களும் கூடவே போங்கள். எங்கே தடுமாறுகிறார், எந்தத் தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை என்று பாருங்கள். மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை அதைச் சரிசெய்த பிறகு கொடுக்கலாம்!