ஏற்றமா, இறக்கமா?

அன்புள்ள தம்பி,

மருத்துவர் மலரில் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பெரியம்மாவுக்கு வந்த லம்பார் கெனால் ஸ்டெனோசிஸ் (கீழ்முதுகில் நரம்புக் கால்வாய் குறுகும் நோய்) பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ.! 'எல்4-எல்5 மட்டத்தில் கடுமையான சுருக்கம்.' அந்த அம்மாள் எவ்வளவு தூரம் நடப்பார், எங்கே உட்காருவார், உட்கார்ந்தால் கால் தெளிய எவ்வளவு நேரம் ஆகும்? கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் 'நடந்தால் கால் வலி' என்கிறாய். எந்தத் தரையில் நடந்தால்?

வயதானவரைப் படம் எடுத்தால் சுருக்கம் தெரியத்தான் செய்யும். 1990இல் போடன் குழுவினர் முதுகு நோவே இல்லாதவர்களைப் படம் எடுத்தபோது, அறுபதைத் தாண்டியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கால்வாய் குறுகியிருந்தது. 1954இல் வெர்பீஸ்ட் இந்த நோயை விவரித்தபோது எம்.ஆர்.ஐ. ஏது? நின்றால், நடந்தால் கால் ஓய்ந்து, படுத்தால் சரியாகிவிடுகிறவர்களின் கதையைக் கேட்டுத்தான் அவர் தொடங்கினார்.

கல்வராயன் மலைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வலி ஏறும்போதா, இறங்கும்போதா? ஏறுகிறவர் முன்னால் குனிகிறார். கால்வாய் சற்றே விரிகிறது. இறங்கும்போது இடுப்பு பின்னால் வளைகிறது. தடித்த ஜவ்வு உள்ளே மடிந்து நரம்பை நெரிக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பு என்றால் தலைகீழ். ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடிக்கும். உட்கார வேண்டாம், நின்றாலே விட்டுவிடும். பீடியும் சர்க்கரையும் மலிந்த ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். பாத நாடியைத் தொட்டாயா? கட்டுரையில் காணோம்.

சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியெல்லாம் 2022இல் வந்தது. என் காலத்தில் ஸ்கேனுக்குச் சேலமோ ஜிப்மரோ போக வேண்டும். கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வந்தவரை அவ்வளவு தூரம் விரட்டுவதற்கு முன் வாயால் கேட்டுவிடுவோம். கடுக்காய் பொறுக்கும் கிழவர் ஒருவர் சொன்னார்: "ஏறச்சொல்ல ஒண்ணுமில்லீங்க. எறங்கச்சொல்லதான் காலு என்னுதாவே இல்ல." அவர் பேசி முடிப்பதற்குள் நோய் தெரிந்துவிட்டது. படம் பிறகு அதை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, 'மூன்று மாதம் முழு ஓய்வு, பெல்ட்.' படித்ததும் பத்திரிகையை மூடிவைத்தேன். படுக்கப்போட்டால் இருக்கிற தசையும் கரையும். கோல் ஊன்றி, சற்றுக் குனிந்து நடக்கட்டும். முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி செய்யட்டும். எபிடியூரல் ஊசி வலியைத் தள்ளிப்போடலாம், கால்வாயை அகலமாக்காது. லாமினெக்டமி அறுவை கால் வலிக்குக் கைகொடுக்கும்; முதுகு வலிக்கு வாக்குக் கொடுக்காதே.

ஆனால் தம்பி, சிறுநீர் அடைக்கிறதா என்று கேட்டதோடு விடாமல், ஆசனவாயைச் சுற்றி மரத்திருக்கிறதா என்று செவிலியரைத் துணைக்கு வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறாயே! பெரிய பேராசிரியர்களின் குறிப்புகளிலேயே நான் தேடித் தேடிக் காணாத வரி அது. அதற்காகவே உன்னை மெச்சுகிறேன்.

அறுவைக்குப் பின் 'நோயாளி நலம்' என்று முடித்திருக்கிறாய். முன்பு எவ்வளவு நடந்தார் என்றே எழுதாதபோது நலம் என்பதை எதை வைத்துச் சொல்கிறாய்? அடுத்த முறை அவர் வரும்போது கேள். மலைப்பாதையில் எந்த வளைவு வரை நிற்காமல் இறங்குகிறார் என்று திருத்தம் எழுதி அனுப்பு. அதை மலரில் போடவைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாசகன்