வலைவழித் தொடங்கும் கணிப்பொறியும் ‘முடிந்தது’ என்னும் குறிப்பும்



நாளை செய்முறைத் தேர்வு என்றால் இன்று கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரே பரபரப்பு. அங்கே நாற்பது பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் வைரஸ் புகுந்திருக்கிறது. ஒன்றில் பைத்தானைக் காணோம். இன்னொன்றில் யாரோ அமைப்புகளை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் பொழுது விடிந்துவிடும். இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததே ‘வலைவழித் தொடக்கம்’. அது எப்படி நடக்கிறது, அதில் எங்கே விழிப்பு வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பொறி எப்படி விழிக்கிறது?

சாதாரணமாகக் கணிப்பொறி தன் ஹார்ட் டிஸ்கில் உள்ள இயங்குதளத்தைப் படித்து எழுகிறது. வலைவழித் தொடக்கத்தில் அதன் நெட்வொர்க் அட்டையே முதலில் பேசுகிறது. “நான் இன்னார், எனக்கு முகவரி தருவார் உண்டா?” என்று வலையில் கேட்கிறது. டி.எச்.சி.பி. சர்வர் ஒரு முகவரியைத் தருகிறது. பிறகு, தொடங்குவதற்கான சிறிய கோப்பு எங்கே இருக்கிறது என்று பொறிக்குத் தெரிவிக்கப்படுகிறது. பொறி அதை இறக்கிக்கொண்டு, இயங்குதளம் முழுவதையும் நிறுவத் தொடங்குகிறது. இதற்குப் பி.எக்ஸ்.இ. என்று பெயர். இதன் 2.1 என்னும் விதிமுறையை இன்டெல் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் 48 பிட் கொண்ட ‘மேக் முகவரி’ உண்டு. சர்வர் பொறியை அடையாளம் காண அது உதவுகிறது.

விரலில் வைத்த மை

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வலையையே முதலில் நாடும்படி அமைத்த பொறி, ஒவ்வொரு நாள் காலையிலும் சர்வரைக் கேட்குமே! சர்வரும் ஒவ்வொரு நாளும் பழையதை அழித்துப் புதியதை நிறுவினால் என்ன ஆவது?

அதைத் தடுக்கவே மைக்ரோசாஃப்டின் ‘கான்ஃபிகரேஷன் மேனேஜர்’ போன்ற நிர்வாக மென்பொருள் ஒரு குறிப்பை வைத்துக்கொள்கிறது. கட்டாயம் நிறுவ வேண்டும் என்ற ஆணையை ஒரு பொறிக்கு ஒருமுறை அளித்ததும், ‘இதற்கு முடிந்தது’ என்று பதிந்துவிடும். அடுத்த முறை அப்பொறி கேட்டால், “உன் டிஸ்கிலிருந்தே தொடங்கிக்கொள்” என்று அனுப்பிவிடும்.

வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மையும் இப்படித்தான். ஒருமுறை வாக்களித்தவர் மறுமுறை வர இயலாது. மறுவாக்குப்பதிவு நடந்தால் வேறு விரலில் மை வைப்பார்கள். கணிப்பொறிக்கு வேறு விரல் இல்லை. அதே ஆணையை மீண்டும் நடத்த வேண்டுமானால் மையைத்தான் அழிக்க வேண்டும். அதுவே ‘ரீசெட்’.

கையால் ஒன்று, ஸ்கிரிப்டால் நாற்பது

ஓரிரு பொறிகளுக்கு, திரையில் பெயரைத் தேர்ந்து கட்டளையைச் சொடுக்கினால் போதும். வாரந்தோறும் குறிப்பிட்ட சில பொறிகளுக்கு மட்டும் செய்ய வேண்டுமானால், பவர்ஷெல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானே ஓடும்படி வைக்கலாம். நல்ல ஸ்கிரிப்ட் கீழ்க்கண்ட வரிசையில் நடக்கும்:

1. ஆய்வகப் பொறிகளின் பட்டியலை எடுத்தல்.
2. அலுவலகப் பொறியோ சர்வரோ அதில் இருந்தால் நீக்குதல்.
3. எண்ணிப் பார்த்தல். நாற்பதுக்கு மேல் ஒன்று இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுதல்.
4. குறிப்பை அழித்தல்.
5. எந்தப் பொறிக்கு, எப்போது அழித்தோம் என்று ஒரு கோப்பில் எழுதுதல்.

குறிப்பை அழித்த உடனே ஒன்றும் நடந்துவிடாது. பொறி அடுத்த முறை வலைவழித் தொடங்கும்போதுதான் நிறுவுதல் நடைபெறும். அப்போது டிஸ்கில் இருந்தவை அழியும். ஒரு மாணவி ஆண்டு முழுவதும் உழைத்துச் சேமித்த செயல்திட்டமும் அதில் இருக்கலாம். ஆகவே முதலில் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். ஒரே ஒரு பொறியில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே மற்றவை. பவர்ஷெல்லின் பல கட்டளைகளோடு ‘வாட்-இஃப்’ என்று சேர்த்தால், எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் சொல்லும்.

ஒரு படிப்பினை

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2014 மே மாதம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் 7 நிறுவும் ஆணை தவறுதலாக அங்கிருந்த விண்டோஸ் கணிப்பொறிகள் அனைத்துக்கும் சென்றுவிட்டது. தவற்றைக் கண்டு நிர்வாக சர்வரை நிறுத்துவதற்குள், ஆணை பிறப்பித்த அந்த சர்வரின் டிஸ்கே அழிக்கப்பட்டிருந்தது! பொறி தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. ஆணை போன இடம்தான் பிழை. ரீசெட் செய்யும் ஸ்கிரிப்டும் இப்படி ஒரு பட்டியலை நம்பியே ஓடுகிறது. கை ஒரு தவறு செய்தால் ஒரு பொறி பழுதாகும். ஸ்கிரிப்ட் செய்தால் பட்டியல் முழுவதும் பழுதாகும். ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம் பக்கத்திலேயே

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ண வேண்டாம். 1996-இல் தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. இன்று அது மத்தளம்பாறையில் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் ‘மேனேஜ்எஞ்சின்’ பிரிவு தரும் மென்பொருள்களில் வலைவழியாக இயங்குதளம் நிறுவும் வசதி உண்டு. சுரண்டையிலிருந்து புறப்பட்டால் அதே நாளில் போய்த் திரும்பிவிடும் தூரம்தான். நம் மாணவியருள் சிலர் நாளை அத்தகைய மென்பொருளை எழுதலாம். அப்போது, அழிக்கும் கட்டளைக்கு முன்னால் எண்ணிப் பார்க்கும் வரி ஒன்றை எழுத மறவாதீர்கள்.

சிந்திக்க:

1. ‘முடிந்தது’ என்னும் குறிப்பு இல்லையென்றால் என்ன நேரும்?
2. ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்று வந்தது. நீ என்ன செய்வாய்? ஏன்?