இரண்டு கணினி, ஒரு மானிட்டர்: எந்த வீட்டுக்கு எந்த வழி?

தருமபுரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இரண்டாவது கணினி திட்டம் போட்டு வந்ததில்லை. பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கும்; 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே வந்தது அது. 2020 ஊரடங்கில் பெங்களூருவிலிருந்து ஊர் திரும்பியவர் கையோடு கொண்டுவந்த கம்பெனி லேப்டாப் இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூரைத் தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. வாரத்தில் சில நாள் அங்கே, மீதி நாள் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ வீட்டிலிருந்தே வேலை என்று ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே வீட்டில் செட்டிகரை அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு ஒரு டெஸ்க்டாப்பும் இருக்கலாம்.

மேசையோ ஒன்றுதான். 14 அங்குலத் திரையை நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, ஒரு 22 அங்குல மானிட்டரும் நல்ல கீபோர்டும் வாங்குகிறார்கள். இரண்டு கணினியும் அதில் ஓட வேண்டும். தினமும் கேபிளைப் பிடுங்கி மாற்றிச் சொருகினால் எச்டிஎம்ஐ போர்ட் நாளடைவில் தளர்ந்துவிடும். லேப்டாப்பில் அந்த போர்ட் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பழுது பார்ப்பதும் எளிதல்ல.

மாற்று வழிகள் ஐந்து உண்டு. விலையைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இரண்டாவது கணினி யாருடையது, உங்களுடையதா கம்பெனியுடையதா? ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவீர்கள்? இந்த இரண்டு பதில்களே பாதி வழிகளைக் கழித்துவிடும்.

முதலில் மானிட்டரைத் திருப்பிப் பாருங்கள்

பலரும் கவனிக்காத விஷயம், விலை குறைந்த மானிட்டரில்கூடப் பின்பக்கம் இரண்டு போர்ட்கள் இருக்கும் என்பது. பெரும்பாலும் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ; சிலவற்றில் இரண்டு எச்டிஎம்ஐ அல்லது ஒரு டிஸ்பிளேபோர்ட். இரண்டு கணினியையும் ஆளுக்கொரு போர்ட்டில் நிரந்தரமாகச் சொருகிவிட்டு, மானிட்டரின் சோர்ஸ் பட்டனை அழுத்தினால் படம் மாறும். திரைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தானாகவே சோர்ஸைத் தேடும் வசதி இருந்தால், ஒரு கணினி தூங்கப் போனதும் மானிட்டர் அடுத்ததுக்குத் தாவிக்கொள்ளும்.

கேபிள் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் விஜிஏ மட்டும் இருந்து, மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், 'விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் தேவை. பார்வைக்கு அச்சு அசலாக அதே போல இருக்கும் 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ' கன்வெர்ட்டர் எதிர்த்திசையில் மட்டுமே வேலை செய்யும். விஜிஏவின் அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்ற மின்சாரமும் வேண்டும் என்பதால், முதல் வகையில் பெரும்பாலும் ஒரு சின்ன யூஎஸ்பி வாலும் தொங்கும். புதிய லேப்டாப்பில் உள்ள டைப்-சி போர்ட் எல்லாமே படம் அனுப்பும் என்று நம்பிவிடாதீர்கள். சில போர்ட்கள் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டுமே. மாடல் எண்ணை வைத்து 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு' உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி ஷேரிங் சுவிட்ச்

திரை மானிட்டர் பட்டனால் மாறுகிறது என்றால், மிச்சம் கீபோர்டும் மவுஸும்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இந்தப் பெட்டியில் கீபோர்டு, மவுஸ், வேண்டுமானால் வெப்கேமரா, பிரிண்டர் ஆகியவற்றைச் சொருக வேண்டும். பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் இரண்டு கணினிக்கும் போகும். பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒருசேர மாறும். ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

இரண்டு பட்டன் அழுத்த வேண்டும் என்பது மட்டுமே குறை: இங்கே ஒன்று, மானிட்டரில் ஒன்று. காலையில் கம்பெனி வேலை, மாலையில் சொந்த வேலை என்று ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் மாறுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

மூன்று கணினிக்கு ஒரே கீபோர்டு

ப்ளூடூத் கீபோர்டுகளில் சில ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளை நினைவில் வைத்திருக்கும். லாஜிடெக் கே380 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஃப்1, எஃப்2, எஃப்3 விசைகளை அழுத்தினால் மூன்று கணினிகளுக்கிடையே மாறலாம். மவுஸையும் அதே மாதிரி பல கணினி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மேசையில் ஒயர் குறையும். டேப்லெட்டும் போனும்கூட இணையும்.

பழைய டெஸ்க்டாப்பில் பொதுவாக ப்ளூடூத் இருக்காது. தனி டாங்கிள் சொருக வேண்டும். விண்டோஸ் ஏறும் முன் பயாஸ் திரைக்குள் போக ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் உதவாது. ஆகவே பழைய ஒயர் கீபோர்டைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருங்கள். சில கம்பெனி லேப்டாப்களில் ப்ளூடூத்தையே அடைத்திருப்பார்கள். வாங்கும் முன் ஒரு ஹெட்செட்டையாவது இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேவிஎம் சுவிட்ச்

கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் மாற்றும் கருவி இது. சர்வர் அறைகளுக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் சைபெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரெமிஜியஸ் ஷாட்டாஸ் 1995-இல் 'கேவிஎம்' என்ற சுருக்கத்தைப் பரப்பினார். வரிசையாக நிற்கும் சர்வர்களை ஒரே திரையில் மேய்ப்பதற்காக வந்த அந்தப் பெட்டி இன்று வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. இரண்டு கணினிக்கான எச்டிஎம்ஐ கேவிஎம் ஏறக்குறைய 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும். ஏட்டன் போன்ற பெயர் பெற்ற தயாரிப்புகளுக்கு விலை கூடும்.

மணிக்கு நாலைந்து முறை மாறுபவருக்கு இதுதான் சரியான கருவி. பல மாடல்களில் ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டினாலே கணினி மாறும். ஆனால் உங்கள் சின்ன கீபோர்டில் அந்த விசை இருக்கிறதா? ஒயர்லெஸ் கீபோர்டின் டாங்கிளைப் பெட்டியில் சொருகினால் இந்த விசை மாற்றம் வேலை செய்யாமல் போவதும் உண்டு. அப்போது பெட்டியில் உள்ள பட்டன்தான் கை கொடுக்கும்.

விலை குறைந்த கேவிஎம்மில் வரும் பெரிய தொந்தரவு வேறு. மானிட்டர் தன் அளவையும் ரெசல்யூஷனையும் கணினிக்குத் தெரிவிக்கும் தகவலுக்கு ஈடிஐடி என்று பெயர். சாதாரண கேவிஎம்மில் அடுத்த கணினிக்கு மாறியதும், விட்டுவந்த கணினிக்கு அந்தத் தகவல் நின்றுபோகும். மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று எண்ணி, திறந்து வைத்த விண்டோக்களை எல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்கு அது இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். லேப்டாப்பை மூடி வைத்திருந்தால் அப்படியே தூங்கிவிடவும் கூடும். மீட்டிங்கின் நடுவே இது நடந்தால் தொடர்பே அறுந்துபோகும். 'ஈடிஐடி எமுலேஷன்' உள்ள கேவிஎம் வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். இல்லையென்றால் விண்டோஸின் பவர் ஆப்ஷனில், மூடியை மூடும்போது எதுவும் செய்யாதே என்று அமைத்து, லேப்டாப் தூங்கிவிடுவதையாவது தடுக்கலாம்.

4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ பதிப்பையும் பார்க்க வேண்டும். 1.4 என்றால் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மவுஸ் நகர்வே தட்டுத்தடுமாறும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும். சாதாரண முழு எச்டி மானிட்டருக்கு இந்தக் கவலை இல்லை. புதிதாக மானிட்டர் வாங்கப் போகிறவர்கள், கேவிஎம் உள்ளேயே அமைந்த மாடல்களையும் பார்க்கலாம். விலை கூடுதல், ஆனால் தனிப் பெட்டி மிச்சம்.

சாஃப்ட்வேர் வழிகள்

கருவியே வேண்டாம், மவுஸைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அடுத்த கணினிக்குள் போய்விட வேண்டும் என்பது ஒரு முறை. மைக்ரோசாஃப்ட்டின் 'மவுஸ் விதவுட் பார்டர்ஸ்' 2011-இல் வந்தது. 2023 முதல் பவர்டாய்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு கணினி வரை இணைக்கும், ஆனால் விண்டோஸில் மட்டும். பழைய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி ஓட்டுபவர்களுக்கு டெஸ்க்ஃப்ளோ இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆப்பிள் கணினி இரண்டு வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த யுனிவர்சல் கன்ட்ரோல் உள்ளேயே உண்டு.

இவை கீபோர்டையும் மவுஸையும் பகிருமே தவிர, திரையைப் பகிராது. ஒவ்வொரு கணினிக்கும் தனித் திரை வேண்டும். டெஸ்க்டாப் மானிட்டரில், லேப்டாப் தன் திரையில் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்து வேலை செய்பவருக்கு இது அருமையான வசதி.

திரையையும் சேர்த்துப் பகிர வேண்டுமானால் ரிமோட் டெஸ்க்டாப் உண்டு. அடுத்த அறையில் இருக்கும் கணினி ஒரு விண்டோவுக்குள் திறக்கும். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினியை இப்படித் திறக்க முடியாது. திறக்கப்படும் கணினியில் புரோ பதிப்பு வேண்டும். கணக்கு, கோப்பு, டைப்பிங் என்றால் சரி. வீடியோ எடிட்டிங்குக்கு ஒத்துவராது.

கம்பெனி லேப்டாப் என்றால்

அங்கே சாஃப்ட்வேர் வழிகள் இரண்டையும் மறந்துவிடுங்கள். பெரும்பாலான ஐ.டி. கம்பெனி லேப்டாப்களில் ஊழியர் தானாக எதையும் நிறுவ முடியாது. முடிந்தாலும், கம்பெனிக் கணினியை வீட்டுக் கணினியோடு இணைக்கும் செயலி பாதுகாப்பு விதிமீறலாகக் கருதப்படலாம். வேலைக்கே ஆபத்து. யூஎஸ்பி சுவிட்சும் கேவிஎம்மும் அப்படியல்ல. லேப்டாப்பின் கண்ணுக்குத் தெரிவது சாதாரண கீபோர்டும் மானிட்டரும் மட்டுமே. இருந்தாலும் ஐ.டி. பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பகிரும் பெட்டியில் மட்டும் பென்டிரைவைச் சொருகி வைக்காதீர்கள். பட்டனை அழுத்திய நொடியில் அது கம்பெனி லேப்டாப்பில் போய் நிற்கும், பதிவாகும்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிற்கும் மின்சாரம் மாலைக்குள் எப்போது வரும் என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். லேப்டாப்பில் பேட்டரி உண்டு, மானிட்டரில் இல்லை. 22 அங்குல எல்இடி மானிட்டர் இழுப்பது ஏறக்குறைய 20 வாட்தான். டெஸ்க்டாப் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே கரண்ட் போனதும் டெஸ்க்டாப்பை முறையாக நிறுத்திவிட்டு, மானிட்டரை லேப்டாப்புக்கு மாற்றினால் ஒரு சின்ன யுபிஎஸ்கூட நெடுநேரம் தாங்கும். சுவிட்ச் பெட்டிகள் பெரும்பாலும் கணினியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் அவற்றுக்குத் தனி இணைப்பு வேண்டாம். சாஃப்ட்வேர் வழிகளோ வீட்டு ரவுட்டரை நம்பியவை. ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இல்லையென்றால் இணையம் மட்டுமல்ல, கீபோர்டும் போய்விடும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு

விசையை எந்த எழுத்தாக மாற்றுவது என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. பெட்டி வழியே பகிரும்போது வீட்டுக் கணினியில் தமிழ்99, கம்பெனி லேப்டாப்பில் ஆங்கிலம் என்று அவையவை தத்தம் போக்கில் இருக்கும். சாஃப்ட்வேர் வழியே பகிரும்போது குழப்பம் வரலாம். கீபோர்டு சொருகியுள்ள கணினியில் தமிழ் இயங்கிக்கொண்டிருக்க, மவுஸை அடுத்ததுக்குத் தள்ளினால் அங்கே தவறான எழுத்து விழுவதும், ஷார்ட்கட் படுத்துக்கொள்வதும் உண்டு. தாண்டும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

எதை வாங்கலாம்?

கணினி யாருடையதானாலும், நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் மாற்றம்: யூஎஸ்பி ஷேரிங் சுவிட்ச், மானிட்டர் பட்டன்.

ஒன்று கம்பெனி லேப்டாப், நாள் முழுக்க மாற்றம்: ஈடிஐடி எமுலேஷன் உள்ள கேவிஎம்.

மேசையில் ஒயரே வேண்டாம், டேப்லெட்டும் உண்டு: பல கணினி ப்ளூடூத் கீபோர்டு, மவுஸ்.

இரண்டு சொந்தக் கணினியும் ஆளுக்கொரு திரையோடு பக்கத்தில்: மவுஸ் விதவுட் பார்டர்ஸ் அல்லது டெஸ்க்ஃப்ளோ.

பழைய கணினி அடுத்த அறையில், எப்போதாவது தேவை: ரிமோட் டெஸ்க்டாப்.

கேவிஎம் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியோடு இரண்டு கணினிக்குமான கேபிள்கள் வருகின்றனவா, அல்லது தனியாக வாங்க வேண்டுமா? உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனை 60 ஹெர்ட்ஸில் தாங்குமா? திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்? வீட்டுக்கு வந்ததும் அந்த நாள்களுக்குள் உங்கள் கீபோர்டு, மவுஸ், இரண்டு கணினி எல்லாவற்றையும் சொருகி, ஒரு முழு வேலை நாள் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் மூடியை மூடி, கணினியைத் தூங்கவிட்டு, எழுப்பி, ஒவ்வொன்றிலும் மாற்றிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் கெடு முடிவதற்குள் திருப்பிவிடலாம்.