பனிக்காலத்து மடல்கள்

விடுமுறை நாளில் நண்பர் இருவர் கூடினால், அவர்தம் பேச்சு எதனைப் பற்றியது என்று வரையறுத்துக் கூறுதல் அரிது. உண்ட உணவு, உற்றார் நலம், ஊரில் மணந்தோர், மறைந்தோர் என ஒன்றைத் தொட்டு மற்றொன்றாக அது செல்லும். எதிரே இருப்பவர் முறுவலித்தால் நகைச்சுவை வளரும். அவர் முகம் வாடினால் பேச்சு உடனே வேறு வழி திரும்பும். அந்நண்பர் கடலுக்கு அப்பால் இருப்பாராயின் இவ்வளவளாவல் என்னாகும்? ஆங்கில உரைநடையாசிரியர் சார்லஸ் லாம் எழுதிய மடல்கள் இரண்டு இதனை நமக்கு நன்கு காட்டும்.

லாம் இலண்டன் மாநகரில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலகத்தில் 33 ஆண்டுகள் கணக்கெழுதி வாழ்ந்தவர். நம் நாட்டை ஆண்ட அதே கும்பினிதான். அவர் மணம் செய்துகொள்ளவில்லை; அவ்வப்போது மனநோயுற்று வருந்திய தமக்கை மேரியைப் பேணுவதே தம் கடமை எனக் கொண்டார். வாரம் ஒரு மாலை அவர் இல்லத்தில் நண்பர் கூடுவர். சீட்டாட்டமும் எளிய உணவும் அங்கு உண்டு; பேச்சுக்கோ அளவில்லை. அவர் பெரிதும் விரும்பிய நண்பருள் ஒருவர் தாமஸ் மானிங். கணிதம் வல்ல இவர், சீன மொழியின்மேல் வேட்கை கொண்டு 1806-இல் கப்பலேறினார். 1811-இல் திபெத்தின் தலைநகராகிய லாசாவை அடைந்த முதல் ஆங்கிலேயர் என்ற புகழும் பெற்றார். ஆயினும் ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் ஊர் திரும்பினாரல்லர்.

1815 டிசம்பர் 25. இலண்டனில் கடுங்குளிர்க் காலம், கிறிஸ்துமஸ் திருநாள். வீடுதோறும் அடுப்பில் வான்கோழி வேகும் மணம் மூக்கைத் துளைக்க, லாம் சீனத்துக் காண்டன் நகரிலிருந்த நண்பர்க்கு மடல் எழுதலானார். 'உமக்கு வான்கோழி ஏது? கோயிலை அணிசெய்யப் பசுந்தழை ஏது? உலர்ந்த தேயிலையைத்தான் செருகிக்கொள்ள வேண்டும்!' என்னும் பொருள்பட முதலில் எள்ளி நகையாடினார். பிறகு அவர் கற்பனை எல்லை கடந்தது. நண்பரெல்லாம் மூத்து நரைத்தனர் என்றார். மேரி இறந்து பல்லாண்டாயின என்றார். மானிங் அனுப்பிய பட்டாடையிலேயே அவளைப் புதைத்ததாகவும் எழுதினார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் ஒருவர் பின் ஒருவராக மாண்டனராம். தூய பவுல் பெருங்கோயிலும் இடிந்து கிடக்கிறதாம். அத்தனையும் பொய்!

உயிரோடிருக்கும் தமக்கையை இறந்தாள் என்று எழுதுவது நகைச்சுவையாகுமோ என்று நீங்கள் வினவலாம். வினவுதல் முறையே. எனக்கும் அவ்விடத்தைப் படிக்கும்போது நெஞ்சம் சற்றே துணுக்குறும். ஆனால், இலண்டனிலிருந்து காண்டனுக்குப் பாய்க்கப்பல் செல்ல அந்நாளில் ஐந்தாறு திங்கள் ஆகும். இன்று எழுதிய உண்மை அங்குச் சேரும்போது பொய்யாகியும் போகலாம். 'இன்னும் காலம் தாழ்த்தினால் உம்மை அறிவார் ஒருவரும் இரார்; விரைந்து வாரும்' என்று நேரே கூற நாணிய நெஞ்சம், அதனைப் பொய்ச் செய்தியாகப் புனைந்து கூறிற்று.

மறுநாளே லாம் வேறொரு மடல் வரைந்தார். இது காண்டனுக்கன்று; சீனத்திலிருந்து தாயகம் மீளும் கப்பல்கள் தங்கிச் செல்லும் செயின்ட் ஹெலினாத் தீவுக்கு. நண்பர் அருகில் வர வர நானும் உண்மைக்கு அருகில் வருகிறேன் என்பது அதன் கருத்து. எல்லாரும் நலமே. அப்பட்டு புதைக்கப்படவில்லை; மானிங் வரும் நாளில் உடுத்தற்குப் புத்தாடை தைக்கவென மேரி அதில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறாள். தாமோ சிறிதும் மாறவில்லை. புகையிலையை மட்டும் அன்றிரவே விட்டொழிக்கப் போவதாக உறுதி கூறினார். 1805-இலேயே புகையிலைக்கு விடைகொடுத்து ஒரு பாட்டு எழுதியவர் அவர் என்பதை மானிங் மறந்திருக்கமாட்டார்!

மானிங் 1817-இல் தாயகம் மீண்டார். மடலில் மாண்ட கவிஞர் இருவரும் அப்போது நலமாயிருந்தனர். கோல்ரிட்ஜ் மறைந்தது 1834 ஜூலைத் திங்களில். லாம் அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள், கிறிஸ்துமஸ் கழிந்த இரண்டாம் நாளில், உயிர் நீத்தார். பட்டாடையோடு புதைக்கப்பட்டதாக அவர் எழுதிய தமக்கை மேரி, 1847 வரை வாழ்ந்திருந்தார்.