புகையைப் பார்க்கத் தெரிந்தவர்

நரிக்குடி

அன்பு மகளுக்கு,

கண்மாய் வறண்டு கிடக்கிறது. மிளகாய்க்குக் கிணறுதான் கதி.

"இனிமேல் என் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் ஏ, பி, சி என்று கிரேடு போடப்போவதில்லை பெரியப்பா, சரிதானே?" என்று போனில் கேட்டாய். சரிதான் தாயி. ஆனால் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறாய் என்று நீ சொல்லவில்லை. எனக்கு அதுதான் கவலை.

2012இல் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது நானும் உன்னைப் போலத் துள்ளியவன்தான். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். மார்க் போய் ஏ1 முதல் இ2 வரை ஒன்பது படி வந்தது. ரேங்க் ஒழிந்தது என்று நினைத்தோம். கார்டு கொடுத்த மறுநாளே, "சார், என் மகன் ஏ2, பக்கத்து வீட்டுப் பிள்ளை மட்டும் எப்படி ஏ1?" என்று வந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிளஸ் 2 தேர்ச்சி விழுக்காட்டில் முதலிடம் என்று பல வருஷம் பேர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. மழை பொய்க்கிற ஊரில் பிள்ளையின் மார்க்கைத்தான் பொய்க்காத வெள்ளாமையாக நம்புகிறார்கள். 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசே நிறுத்தியது. மனசில் இருக்கிற பட்டியல் அவ்வளவு சீக்கிரம் போகாது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வீட்டில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். கணக்கில் அவனுக்கு 'டி' போட்டேன். 33 முதல் 40 வரை டி, விதிப்படி சரி. பருவம் முடிந்து நோட்டுகளைக் கட்டும்போது அவனுடைய கழித்தல் பக்கம் கண்ணில் பட்டது. 52இல் 27 போக 35. 81இல் 46 போக 45. எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி: எது மேலே, எது கீழே என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருந்தான். கழிக்கத் தெரிகிறது, கடன் வாங்கிக் கழிக்கத்தான் தெரியவில்லை.

கூப்பிட்டு, "52 ரூபாய் கொண்டு போயி 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மிச்சம் எவ்வளவுடா?" என்றேன். "இருபத்தஞ்சு சார்" என்றான், யோசிக்கவே இல்லை. பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுவதுதான் கடன் வாங்குவது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தைப் பருவம் முழுக்க நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அவன் அப்பா மூட்டம் போடுவதைப் பிறகொரு நாள் நின்று பார்த்தேன். விறகை அடுக்கி மண் பூசித் தீ வைத்த பிறகு உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்க்கவும் முடியாது, காற்றுப் பட்டால் கரி சாம்பலாகிவிடும். அவர் ஓட்டையில் வரும் புகையைத்தான் பார்க்கிறார். வெள்ளையாக வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. நீலம் பாய்ந்து மெலிந்தால் அந்தப் பக்கம் வெந்துவிட்டது, ஓட்டையை அடைக்கலாம். ராத்திரியும் எழுந்து எழுந்து பார்க்கிறார். கடைசியில் மூட்டையை எடை போடுவது வியாபாரியின் வேலை. வாத்தியாராக இருந்துகொண்டு நான் வியாபாரி வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

இப்போது உன் கையில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இருக்கிறது. 2022இல் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அழகான பேர்கள். இன்றைக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது என்று உனக்குக் காட்டத்தான் அவை. ஒரு பிள்ளை, "நான் அரும்பு டீச்சர்" என்று தலை குனிந்து சொன்னால், அந்தப் பூவும் பழைய 'டி'தான்.

ஆகவே சிலது மட்டும் சொல்கிறேன். பதிவேட்டில் கேட்கிற கிரேடை எழுதிவிடு, அதற்காக அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்காதே. பிள்ளையின் நோட்டில் மட்டும் அது வேண்டாம். அங்கே குறிப்பு மட்டும் எழுது, கிரேடையும் குறிப்பையும் சேர்த்து எழுதாதே. 1988இல் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் இஸ்ரேலியப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்: குறிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆர்வத்தோடு முன்னேறினார்கள், குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க்கைப் பார்த்த கண் அடுத்த வரிக்குப் போவதில்லை.

'நன்று', 'முயற்சி தேவை' என்றும் எழுதாதே. அவை வேஷம் போட்ட ஏ, டி. "கூட்டல் தெளிவு. கழிக்கும்போது பத்து ரூபாய்த் தாளை நினைத்துக்கொள். இந்த நாலையும் மறுபடி போட்டுக் காட்டு" என்று எழுது. முப்பது நோட்டுக்கும் தினமும் முடியாது. ஒரு நாளைக்கு ஆறு எடுத்துக்கொண்டால் வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். பெற்றவர்கள் வந்தால் ஜூன் மாதப் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும்.

லீவுக்கு வரும்போது நாலு நோட்டு கொண்டு வா. பேரை மறைத்துவிட்டு நீ எழுதியதைப் படிப்போம். எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற வரி ஒன்று இருந்தாலும் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதவேண்டும். பெரியம்மா உனக்கு வத்தல் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா